நந்தன் கதையும் அதனைச் சொன்னவர்களும்

(வெள்ளி விழா நாளன்று மேல்பட்டாம்பாக்கத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"கல்வியும் சமுதாய முன்னேற்றமும்" என்னும் பொருளில் நான் பேச வேண்டுமென்று செயலாளர் அவர்கள் பணித்திருந்தார்கள். அப்பொருள் பற்றி எனக்கு முன்னர்ப் பேசிய மூவரும் குறைவின்றிப் பேசிவிட்டார்கள். ஆதலால் கதை பற்றிப் பேச இசைவு வேண்டும் என்று இரு வாரங்களுக்கு முன்பே கேட்டு வைத்திருந்தேன். "என்னங்க சார், வெள்ளி விழாவிலே போய்க் கதையா?" என்று அவர்கள் வியந்தார்கள். கதையேதான். அதிலும், ஒருவர் சொன்ன கதையை இன்னொருவர் எடுத்துத் தம் போக்கில் மாற்றிச் சொல்லுகிறாரே, அந்த வகைக் கதை. அவ்வகைக் கதைகளின்பால் எனக்குச் சிறு வயதுதொட்டு ஒரு பித்து உண்டு. ஒரு கதையை முதன்முறை கேட்கும்போது ஏற்படும் இன்பத்தைக் காட்டிலும், அதே கதை வேறொருவர் வாயில் வேறாகி வரும்போது ஏற்படும் இன்பமே எனக்குப் பெரிது. இஃது ஒரு பலவீனம் என்று என் மனைவியார் கருதுகிறார். வீட்டிலுள்ள புத்தகங்களில் பாதி இராமாயணமும் பாரதமுமாக, ஆனால் ஒன்றுகூட நேரான இராமாயணமோ பாரதமோ இல்லாமல் இருப்பதைக் கண்டு உறவினர்கள் நகைப்பதும் உண்டு.

இந்தப் பித்து எனக்கு நூல்களால் வந்ததன்று. கூத்தினால் வந்தது. நம் பழைய தென்னார்க்காட்டு மண்ணில் பிறந்த எவருக்கும் பாரதம் முதலில் காதின் வழியாகவே வந்து சேர்கிறது. திரௌபதை அம்மன் விழாவில் பகலெல்லாம் பாரதம் படிப்பார்கள். இரவெல்லாம் கூத்து நடக்கும். நான் பிள்ளையாக இருந்தபோது, ஊர் எது என்று இங்கே சொல்ல வேண்டியதில்லை, எங்கள் தெரு மக்கள் கூத்துக் களத்தின் ஓர் ஓரத்தில், வாய்க்காலுக்கு இப்பால், வைக்கோல் பரப்பி அமர்ந்து பார்ப்பது வழக்கம். அங்கிருந்து பார்த்தால் கர்ணனின் கிரீடமும் தோள்கட்டையும் தெரியும். முகம் சரியாகத் தெரியாது. ஆனால் கட்டியங்காரன் மட்டும் எங்கள் பக்கமாகத் திரும்பி இரண்டு சொல் சொல்லாமல் போகமாட்டான். அரசன் பெருமையை அறிவித்துவிட்டு, அந்த அரசனுக்கே தெரியாதது போல எங்களுக்குக் கேட்கும்படி ஒரு கேலியும் செய்வான். கதையை மேடையில் உள்ளவன் ஒருவிதமாகவும், மேடை ஓரத்தில் உள்ளவன் ஒருவிதமாகவும் சொல்லலாம் என்பதை எனக்கு முதன்முதலில் கற்பித்த ஆசிரியன் அந்தக் கட்டியங்காரன்தான்.

பின்னாளில் பட்டப்படிப்புக்கு வந்தபோதுதான், கூத்தில் கண்ட பாரதம் வேறு, வடமொழிப் பாரதம் வேறு என்று அறிந்து திகைத்தேன். வடமொழியில் அருச்சுனனின் மகன் இராவான் போரின் எட்டாம் நாளில் பொருது மடிகிறான், அவ்வளவே. தமிழில் அவனே அரவான் ஆகிக் களப்பலிக்குத் தன்னைத் தானே ஒப்புக்கொடுக்கிறான். ஒன்பதாம் நூற்றாண்டுப் பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே இக்களப்பலி வந்துவிட்டது என்பர். பிறகு அவன் கூத்தாண்டவர் என்னும் தெய்வமுமாகி, உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகில் கூவாகத்தில் சித்திரை முழுநிலவை ஒட்டி நாடெங்கணுமிருந்து வரும் திருநங்கையர் அவனுக்காகத் தாலி கட்டிக்கொண்டு மறுநாளே தாலி அறுக்கின்றனர். மூலநூலில் சில பாடல்களில் செத்துப்போன ஒருவன், சொல்லிச் சொல்லி இத்தனை பெரியவனாகிவிட்டான். மூலம் பெரிதா, மறுமொழி பெரிதா என்று யாரேனும் என்னைக் கேட்டால் கூவாகத்திற்குப் போய்ப் பார்த்து வருமாறு சொல்வேன்.

மேல்நாட்டாரிடத்தும் இதே நிலைதான். ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் நாட்டுக் கதைகளைத் தொகுத்து 1812இல் முதற்பதிப்பை வெளியிட்டார்கள். அதில் தம் பிள்ளைகளைக் காட்டில் விட்டுவரத் தூண்டுபவள் பெற்ற தாய். பிற்பதிப்புகளில் அவளே மாற்றாந்தாய் ஆகிவிட்டாள். பெற்றவள் அப்படிச் செய்வாளா என்று வாசகர் மனம் நோகுமே என்று எழுதியவர் அஞ்சினார் போலும். அவர் அஞ்சியதன் விளைவாக உலகிலுள்ள மாற்றாந்தாய்மார் அனைவரும் இன்றளவும் பழி சுமக்கிறார்கள். கதையில் ஓர் ஆளை மாற்றினால் பழி இடம் மாறுகிறது. இதனைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். நந்தன் கதைக்கு வரும்போது இது பயன்படும்.

அதற்கு முன், நம் ஊரோடு தொடர்புடைய ஒன்று. 1860களில் டேனிஷ் மிஷன் இப்பகுதியில் காலூன்றியது நம் மேல்பட்டாம்பாக்கத்தில்தான். இங்கு வந்து பணி தொடங்கிய கார்ல் ஆக்ஸ் என்னும் பாதிரியார், சபைக்குள்ளேயே சாதி வேற்றுமையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்ற லைப்சிக் மிஷனின் போக்கை ஏற்காமல் அதிலிருந்து விலகி வந்தவர். அக்காலத்தில் டென்மார்க்கில் உயிரோடு இருந்தவர் ஆண்டர்சன் என்னும் புகழ்பெற்ற கதாசிரியர். அவர் 1843இல் எழுதிய "அழகற்ற வாத்துக் குஞ்சு" கதை பள்ளிப் பிள்ளைகள் பலரும் அறிந்தது. வாத்துக் கூட்டத்தில் பிறந்த ஒரு குஞ்சு அவலட்சணம் என்று எல்லாராலும் கொத்தப்படுகிறது, துரத்தப்படுகிறது, பனியில் உறைகிறது, கடைசியில் தண்ணீரில் தன் நிழலைப் பார்த்தால் அஃது ஓர் அன்னம். ஆசிரியர்கள் இக்கதையை மிக விரும்பிச் சொல்வார்கள். நானும் பல ஆண்டுகள் சொல்லி வந்தேன். தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்கு ஊக்கம் தரும் கதை என்றே எண்ணியிருந்தேன்.

ஒருநாள் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தபோதே எனக்கு நாக்குத் தடுமாறியது. அக்குஞ்சு எதனால் உயர்ந்தது? அதன் உழைப்பாலா, கல்வியாலா, குணத்தாலா? இல்லை. அது வந்த முட்டை அன்னத்தின் முட்டை. உயர்ந்த முட்டையில் பிறந்தவர் எந்தக் கொட்டிலில் வளர்ந்தாலும் உயர்ந்துவிடுவர் என்றால், வாத்து முட்டையில் பிறந்தவர் கதி என்ன? பிறப்பை மறுக்கும் கதை என்று நினைத்து நான் சொல்லிவந்தது பிறப்பையே நாட்டும் கதையாக இருந்தது! அதன்பின் அந்தக் கதையை நான் விட்டுவிடவில்லை. முடிவை மட்டும் பிள்ளைகளிடம் விட்டுவிடுகிறேன். "தண்ணீரில் நிழலைப் பார்த்தது. என்ன தெரிந்தது? நீங்களே எழுதுங்கள்" என்பேன். ஒரு மாணவி, அது வாத்தாகவே தெரிந்தது என்றும், ஆனால் கொத்தியவற்றைத் திரும்பிப் பாராமல் வேறு ஏரிக்கு நீந்திப் போயிற்று என்றும் எழுதியிருந்தாள். ஆண்டர்சன் இதனைப் படித்திருந்தால் வருந்தியிருக்கமாட்டார் என்றே நம்புகிறேன்.

இனி நந்தன் கதை.

சிதம்பரத்திற்கு இத்தனை அருகில் வாழும் நமக்கு நந்தனார் கதை தெரியாதென்று சொல்ல முடியாது. ஆனால் நமக்குத் தெரிந்தது எவர் சொன்ன நந்தன் கதை என்று கேட்டால் பலருக்கும் விடை தெரியாது. எனக்கும் நெடுநாள் தெரியாமல்தான் இருந்தது. சுந்தரர் தம் திருத்தொண்டத் தொகையில் திருநாளைப்போவார் என்று பெயரை மட்டும் குறிப்பிட்டார். நம்பியாண்டார் நம்பி தம் அந்தாதியில் ஒரு பாட்டளவு விரித்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் தம் பெரியபுராணத்தில் அதை முழுக்கதையாக்கினார். அச்சேக்கிழார் கதையை நீங்கள் ஒருமுறை பொறுமையாகப் படிக்க வேண்டுமென்பது என் வேண்டுகோள். அவர் சோழ அரசின் அமைச்சர், மேலிடத்து மனிதர். எனினும் கொள்ளிடக்கரை ஆதனூரின் சேரியை வருணிக்கும்போது அவர் கண் அங்குள்ள ஒவ்வொன்றிலும் தங்கிச் செல்கிறது. மருதமர நிழலில் தோலின்மேல் குழந்தையை உறங்கவைக்கும் உழத்தியும், மாமரத்தில் தொங்கும் பறைகளும் அங்கே உண்டு. தமிழ்க் காப்பியங்களில் நம் தெருவுக்குள் வந்து நின்று பார்த்தவர் மிகச் சிலர். அச்சிலருள் சேக்கிழாரை நான் வைத்து எண்ணுவேன்.

அவர் சொல்லும் நந்தனார் தம் தொழிலை மறைப்பவரல்லர். கோயில் பேரிகைகளுக்குப் போர்வைத் தோலும் விசிவாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் அவர்தான் கொடுக்கிறார். அவர் தந்த தோல் கருவறை முன்னே முழங்கும். அவர் தந்த நரம்பு உள்ளே இசைக்கும். அவர் மட்டும் வாயிலுக்கு வெளியே நிற்பார். சேக்கிழார் இந்த முரண்பாட்டை உரத்துக் கூறவில்லை. பட்டியலைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார். திருப்புன்கூரில் மறைத்திருந்த நந்தி விலகுகிறது. அங்கே அவர் குளமும் வெட்டுகிறார். பிறகு தில்லை எல்லைக்கு வந்து வேள்விப் புகையைக் கண்டு உட்புகத் துணியாமல் ஊரையே சுற்றிச் சுற்றி வருகிறார். இறைவன் கனவில் தோன்றி எரியில் மூழ்கி வா என்கிறான். தென்வாயிலில் தீ வளர்க்கப்படுகிறது. முப்புரி நூலும் சடைமுடியும் உடைய முனிவராக வெளிப்பட்டு உள்ளே சென்று மறைகிறார்.

கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சேக்கிழார் கதையில் பண்ணையார் இல்லை. நாம் எல்லாரும் நந்தன் கதை என்றவுடன் நினைப்பது அந்த வேதியரையும், அவரிடம் சிதம்பரம் போக உத்தரவு கேட்டுக் கைகட்டி நிற்கும் நந்தனையும் அல்லவா? அவர்கள் இருவரும் எதிரெதிரே நிற்கும் காட்சி 1861ஐ ஒட்டித்தான் பிறந்தது. நரிமணத்தில் பிறந்து மாயவரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார் தம் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்காக வேதியர் என்னும் நிலக்கிழாரைப் படைத்தார். நாற்பது வேலி நிலத்தின் பயிரையும் அறுத்து முடித்துவிட்டுப் போ என்று அவர் நிபந்தனை விதிக்கிறார். ஒரே இரவில் சிவகணங்கள் அறுவடையை முடித்துவிடுகின்றன. வேதியர் நந்தன் காலில் விழுகிறார். இலக்கணப் பிழை மலிந்த நூல் என்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அதற்குச் சிறப்புப்பாயிரம் தரத் தயங்கினார் என்பதை உ.வே. சாமிநாதையர் எழுதியிருக்கிறார். இலக்கணத்தை விடுங்கள். பாரதியார் செய்த பெரிய காரியம் வேறு. சேக்கிழாரிடம் நந்தனுக்கும் இறைவனுக்கும் இடையே சுவர் மட்டும் இருந்தது. பாரதியார் அங்கே நிலத்தைக் கொண்டுவந்து வைத்தார். தஞ்சைத் தரணியில் பண்ணையாள் பட்ட பாட்டைக் கண்ணாரக் கண்டவர் அவர். கிரிம் சகோதரர்கள் தாயை மாற்றாந்தாயாக்கிப் பழியை நகர்த்தினார்கள் என்றேன் அல்லவா? பாரதியார் பழியை அது இருக்க வேண்டிய இடத்திற்கு நகர்த்தினார். ஆனால் நாற்பது வேலிப் பயிரை அறுக்கத் தெய்வத்தின் படை வர வேண்டியிருந்ததே என்னும் ஏக்கம் எனக்கு இன்றும் உண்டு. நம் பாட்டன்மார் அந்த நாற்பது வேலியையும் தெய்வத் துணை இன்றியேதான் ஆண்டுதோறும் அறுத்தார்கள்.

அதன்பின் இக்கதை நிற்கவே இல்லை. 1935இல் கே.பி. சுந்தராம்பாள் ஆண் வேடமிட்டு நந்தனாராக நடித்தார். அதற்கு ஓர் இலட்சம் ரூபாய் ஊதியம் பெற்றதாக நாடே பேசியது. ஓர் இலட்சம் பெற்ற முதல் பண்ணையாள் அவர்தாம் என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. 1942இல் ஜெமினி நிறுவனப் படத்தில் தண்டபாணி தேசிகர் நந்தனார் ஆனார். இடையே 1927இல் சிதம்பரம் வந்த காந்தியடிகள் நந்தனாரைத் தன்னையே வருத்திக்கொண்டு வென்ற சத்தியாக்கிரகியாகக் கண்டார்.

இவற்றுக்கெல்லாம் முன்பே அயோத்திதாச பண்டிதர் முற்றிலும் வேறொரு நந்தனைச் சொல்லிவிட்டார். 1907 முதல் 1914இல் தாம் மறையும்வரை "தமிழன்" இதழை நடத்திய அப்பெரியார், நந்தன் தில்லைக்கு ஏங்கிய பண்ணையாள் அல்லன், வஞ்சகத்தால் கொல்லப்பட்ட ஒரு பௌத்த அரசன் என்று எழுதினார். இதற்குக் கல்வெட்டுச் சான்று உண்டா என்று வரலாறு படித்த என்னைக் கேட்டால், நான் கைவிரிக்கத்தான் வேண்டும். ஆனால் ஒன்று: சோழநாட்டுப் பகுதிகளில் நந்தன் என்னும் அரசன் ஒருவன் இருந்தான், தோலால் நாணயம் அடித்து வெளியிட்டான் என்னும் வாய்மொழிக் கதைகள் நம் மக்களிடையே வழங்கி வந்திருக்கின்றன. ஆக, பண்டிதர் வெறுங்காற்றிலிருந்து கதை கட்டவில்லை. பெரிய புராணம் ஒரு பக்கம் பாடப்பட்டுக்கொண்டிருந்தபோது, இன்னொரு பக்கம் வேறொரு கதை முணுமுணுக்கப்பட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த முணுமுணுப்பை அவர் அச்சேற்றினார். அவர் எழுத்துகள் பெருந்தொகுதிகளாக 1999இல்தான் நமக்குக் கிடைத்தன. நம் சங்கம் தொடங்கியதும் ஏறத்தாழ அக்காலமே.

நம் மாவட்டத்துக்காரர் ஒருவரும் இவ்வரிசையில் உண்டு. புதுமைப்பித்தன் திருநெல்வேலி எழுத்தாளர் என்றே எல்லாரும் கூறுவர். அவர் 1906இல் பிறந்தது நம் திருப்பாதிரிப்புலியூரில். இராமன் காலடி பட்டுக் கல்லிலிருந்து எழுந்த அகலிகை, அதே இராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்று கேட்டு மறுபடியும் கல்லாகிவிடுவதாக அவர் எழுதிய "சாப விமோசனம்" கதையை ஒருமுறை படித்தவர் மறக்கமாட்டார். அவரே "புதிய நந்தன்" என்றும் ஒரு கதை எழுதினார். அதே ஆதனூர், ஆனால் காலம் காந்தி, சுயமரியாதை இயக்கக் காலம். மதம் மாறித் தானியேல் ஜானாகிப் பிறகு தோழர் நரசிங்கமான சேரி இளைஞன் ஒருவன்; காந்தி வழி நிற்கும் அக்கிரகாரத்து இளைஞன் ஒருவன்; கண் தெரியாத கிழவன் கருப்பன் ஒருவன். மூவரும் ஒன்றாய் இரயிலடியில் மாள்கிறார்கள். நந்தியும் விலகவில்லை, நெருப்பும் முனிவராக்கவில்லை. 1930களில் இப்படி எழுத ஒருவருக்கு எத்தனை துணிவு வேண்டும்! இந்திரா பார்த்தசாரதி 1978இல் "நந்தன் கதை" என்று நாடகமாக்கியபோது, அந்த நெருப்பு மேலிடத்தார் கூடித் திட்டமிட்டு மூட்டிய நெருப்பு என்றே ஆகிவிட்டது.

அந்த நெருப்பைப் பற்றித்தான் நான் ஒரு குற்றத்தை உங்கள் முன் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், வேறொரு பகுதியிலுள்ள பள்ளியில், வகுப்பில் நந்தனார் கதையை உருக்கமாகச் சொன்னேன். எனக்கே கண் கலங்கிவிட்டது. அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். நம் பிள்ளைதான். "ஐயா, மத்தவங்களும் நெருப்புல எறங்கித்தான் உள்ள போனாங்களா?" என்றான். வகுப்பு சிரித்தது. எனக்கு விடை தெரியவில்லை. விடை தெரியாத ஆசிரியன் செய்வதையே செய்தேன். "உட்காருடா" என்றேன். அவன் உட்கார்ந்தான். அவ்வாண்டு முடியும்வரை அவன் என்னை மறுபடி ஒரு கேள்வி கேட்கவில்லை. அடுத்த ஆண்டு நான் மாற்றலாகி வந்துவிட்டேன்.

அவன் கேட்ட அந்த ஒரு வரிக் கேள்வி, மேலே நான் கூறிய நூல்கள் பலவற்றுக்கு நிகரானது. நந்தன் கதையைப் புதிதாகச் சொல்லத் தொடங்கியிருந்தான் அவன், நான் நிறுத்திவிட்டேன். இத்தனை ஆண்டுகளாக நான் மறுமொழிக் கதைகளைத் தேடித் தேடிப் படிப்பதற்கு அந்தப் பையனுக்குக் கொடுக்க வேண்டிய விடை ஒன்று பாக்கி இருப்பதும் காரணம்.

நம்மவர்களிலேயே சிலர், நந்தன் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லவே கூடாது, அது பணிந்து போகவும் வெந்து போகவும் கற்பிக்கிறது என்பர். நான் மதிக்கும் பெரியவர் ஒருவர் இந்த மேடையிலேயே அக்கருத்துடையவர். அவர் கோபத்தில் நியாயம் உண்டு. ஆயினும் நான் வேறுபடுகிறேன். நாம் சொல்லாவிட்டால் கதை மறைந்துவிடாது. வேறு யாரோ, வேறு எங்கோ, தமக்கு வேண்டியவாறு நம் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் போகிறார்கள். ஏகலைவன் கதையைப் பாருங்கள். கட்டை விரலைக் கேட்டு வாங்கிய துரோணர் பெயரால் சிறந்த பயிற்சியாளர்களுக்கு 1985 முதல் அரசு விருது வழங்கப்பட்டு வருகிறது. விரலை இழந்தவன் பெயரால் பழங்குடிப் பிள்ளைகளுக்கு உறைவிடப் பள்ளிகள் நடக்கின்றன. பெயர் வைத்த பெருமக்கள் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார்களா என்பதை நான் அறியேன். கன்னடப் பெருங்கவிஞர் குவெம்பு பார்த்தார். சம்பூகன் கதையை 1944இல் "சூத்திர தபஸ்வி" என்று நாடகமாக்கியபோது, இராமன் விட்ட அம்பு தவம் செய்தவனை விட்டுவிட்டு, அவனைக் கொல்லச் சொன்னவனைத் துரத்துமாறு செய்தார். அம்பு அதே அம்புதான். திசையை மட்டும் திருப்பினார்.

நூல் எழுதாமலேயே நந்தன் கதையைத் திருப்பிச் சொன்ன ஒருவரை நாம் வணங்க வேண்டும். ஆரணிப் பக்கத்திலிருந்து சிதம்பரம் வந்து சேர்ந்த சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கினார். நந்தனார் தீயில் மூழ்கிய இடமென்று மக்கள் காட்டுவது ஓமக்குளம். அந்த ஓமக்குளத்தில்தான் நந்தனார் பள்ளி நிற்கிறது. நான் ஒருமுறை தேர்வுப் பணிக்காக அங்குச் சென்றிருந்தபோது, காலை வழிபாட்டுக்கு வரிசையாக நிற்கும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் நின்றுவிட்டேன். இந்த மாவட்டத்தில் அரசுப் பணியிலும் ஆசிரியப் பணியிலும் நுழைந்த நம் முன்னோர் பலர் அப்பள்ளியின், அவ்விடுதியின் சோற்றைத் தின்று படித்தவர்கள். இன்று இங்கே முன்வரிசையில் அமர்ந்திருப்பவர்களிலும் சிலர் உண்டு. 1959இல் மறையும்வரை சட்டமன்றத்திலும் நமக்காகப் பேசிய அவர், நந்தன் எரிந்த இடத்தில் கரும்பலகையை மாட்டினார். கதையின் முடிவை மாற்றுவது என்றால் இதைவிட வேறென்ன?

இனி, செயற்குழு முன் உள்ள ஒரு பொருளைத் தொட்டுச் செல்கிறேன். செயலாளர் அவர்கள் பொறுத்தருள வேண்டும். வெள்ளி விழா நினைவாகப் படிப்பகத்துக்கென நன்கொடையாக வந்துள்ள தொகை முழுவதையும் போட்டித் தேர்வு நூல்களுக்கே செலவிடுவது என்று ஒரு தீர்மானம் முன்மொழியப்பட்டிருக்கிறது. "கதைப் புத்தகம் படித்து எவன் வேலைக்குப் போனான்?" என்று ஓர் உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்விதான். முதல் தலைமுறையாகப் படித்து வேலைக்குப் போன எனக்கு, ஓர் அரசாணை ஒரு குடும்பத்தின் அடுப்பை எப்படி மாற்றும் என்று யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. தேர்வு நூல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வழிகாட்டி நூல்களில் நந்தன் எப்படி வருகிறான் தெரியுமா? "திருநாளைப்போவார் என அழைக்கப்படுபவர் யார்?" என்று ஒரு வினா, கீழே நான்கு பெயர்கள், சரியானதைக் குறியிட வேண்டும். சேக்கிழாரும் பாரதியாரும் பண்டிதரும் புதுமைப்பித்தனும் சுவாமிகளும் சேர்ந்து எண்ணூறு ஆண்டுக்கு மேலாக வழக்காடி வந்த ஒரு மனிதனுக்கு, ஒரு வட்டத்தைக் கறுப்பாக்கினால் ஒரு மதிப்பெண். அந்த மதிப்பெண்ணும் நம் பிள்ளைகளுக்கு வேண்டும். அதோடு அந்த வழக்கும் வேண்டும்.

ஆகவே தொகையில் நான்கில் ஒரு பங்கை ஒதுக்கி, ஒரே ஓர் அலமாரி கதைகளுக்கென்று வையுங்கள். பெரியபுராணமும் கோபாலகிருஷ்ண பாரதியாரும் அயோத்திதாசரும் புதுமைப்பித்தனும் ஒரே தட்டில் தோளுரசி நிற்கட்டும். பைரப்பாவின் "பருவ"த்தை நம் பக்கத்து வளவனூர்க்காரரான பாவண்ணன் தமிழாக்கியிருக்கிறார்; சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற மொழிபெயர்ப்பு; அதனையும் வையுங்கள். ஆண்டர்சனையும் கிரிமையும் மறந்துவிடாதீர்கள். என்னிடம் உள்ளவற்றுள் இரட்டைப் படியாக இருக்கும் பதினேழு நூல்களை நான் தருகிறேன். மனைவியாரின் முழு ஒப்புதலோடு.

இன்னொன்றும் உண்டு. அது காசு கொடுத்து வாங்கக் கூடியதன்று. நம் தெருவில் எண்பது வயதைக் கடந்த ஆயா ஒருவர் இருக்கிறார். பெயர் சொன்னால் வெட்கப்படுவார். நாற்று நடவில் பாடியவர். பள்ளியை வெளியிலிருந்து மட்டுமே பார்த்தவர். சென்ற பொங்கலன்று பேச்சுவாக்கில் நந்தனைப் பற்றி ஏதோ தொடங்கினார். நான் சேக்கிழார் கதையைத்தான் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சொன்ன நந்தன் இராசா. அவனுக்குக் கோட்டை இருந்தது. நெருப்பு இல்லை. நடுவில் யாரோ அழைக்கக் கதை அங்கேயே நின்றது. அதன்பின் இருமுறை போனேன். ஒருநாள் காய்ச்சல், ஒருநாள் உறக்கம். இப்போது கண் பார்வையும் குறைந்து, சற்றுமுன் சொன்னது மறந்துபோகிறது என்று அவர் பேத்தி கூறுகிறாள்.

மாலை வகுப்புப் பிள்ளைகளில் கையெழுத்து நன்றாக உள்ள மூவர் எனக்கு வேண்டும். கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்யத் தெரிந்த ஒருவரும் வேண்டும். அவர் எப்படிச் சொல்கிறாரோ அப்படியே எழுத வேண்டும். இலக்கணம் திருத்தக் கூடாது. இடையில் புகுந்து "புத்தகத்தில் வேறு மாதிரி இருக்கிறதே" என்று சொல்லக் கூடாது. அதை நான் சொல்ல முற்பட்டால் என்னை நீங்கள் தடுக்கலாம். வரும் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, அவர் பேத்தி வேலையிலிருந்து திரும்பிய பின்னர், அவர் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேருங்கள். குறிப்பேடு நான் கொண்டுவருகிறேன்.